சத்தம் மட்டும் வரலை

பிப்ரவரி 3

உருண்டை,

இப்படிக் கூப்பிட்டு ஆரம்பிச்சுட்டேன். வாய் பழகிப் போச்சு, கையும் அதையே எழுதிடுச்சு. அடிச்சு எழுதினா தாள் அசிங்கமாயிடும்னு விட்டுட்டேன். பாசம்னு நினைச்சுக்காதே.

உன் சுகத்தை விசாரிக்க எழுதலை. ஜெயில்ல வேளாவேளைக்குச் சோறு போடுவாங்கன்னு தெரியும். எனக்கு ஒரு விஷயம் தெரியணும். நேர்ல வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சியைப் பாத்துக் கேக்கத் தெம்பு இல்லை.

உன் கம்ப்யூட்டர் மேசையைக் காலி பண்ணலாம்னு நேத்து பழைய இரும்பு வாங்கறவரைக் கூப்பிட்டேன். திரை உடைஞ்சது உனக்குத் தெரியும். உன்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னிக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சேன், அதும்மேல போய் விழுந்துச்சு. அப்புறம்தான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். வாலு படமெல்லாம் அதுக்குள்ளதானே இருந்துச்சு. அவ போனும் வண்டியோட நசுங்கிடுச்சு. தங்கச்சின்னு கூடப் பாக்காம நீ ஒரு தடவை அவளைக் கொன்னே, நான் ஒரு தடவை கொன்னேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இந்த ஒரு வருஷமும் லாண்ட்ரியில அடுத்தவங்க சட்டையைத் தேய்ச்சேன்.

இரும்புக்காரர் மேசைக்குக் கீழே இருந்த கருப்புப் பெட்டியைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னார்: "அம்மா, உடைஞ்சது வெறும் கண்ணாடி. படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும். வித்துட்டு அப்புறம் அழாதீங்க." அந்தப் பெட்டி மேல நான் செருப்பு அடுக்கி வச்சிருந்தேன்.

சுவத்துல மாட்டியிருக்கற பெரிய டிவியோட இதைச் சேத்தா படம் தெரியுமாமே. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "வச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க"ன்னான். என் பொண்ணு படத்தை எவனோ உக்காந்து பாக்கறதுக்கா? திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன். அது பாஸ்வேர்டு வேற கேக்குமாம்.

எனக்கு அவ குரல் மறந்துட்டு வருது. மூஞ்சி இருக்கு, குரல் இல்லை. 'அம்மா'ன்னு அவ கூப்பிடற மாதிரி சொல்லிப் பாத்தா என் குரல்தான் வருது.

எப்படி மாட்டறதுன்னு எழுது. வேற எதுவும் எழுதாதே.

உன்னைப் பெத்தவ

~

பிப்ரவரி 10

அம்மா,

இங்க வர்ற கடுதாசியை எல்லாம் பிரிச்சுப் படிக்கற ஐயா 'உருண்டை'ன்னு நீ எழுதினதைச் சத்தமாப் படிச்சுட்டார். இந்த ரூம் வரிசை முழுக்க இப்ப எனக்கு அதான் பேர். நான் இப்ப உருண்டையா இல்லம்மா. நீ பாத்தா தெரியும்.

சரி, நீ கேட்டதை மட்டும் எழுதறேன்.

என் வேலைப் பையைத் தூக்கிப் போடலைன்னா அதுக்குள்ள கருப்பா, தடியா ஒரு கேபிள் இருக்கும். எச்.டி.எம்.ஐ. கேபிள்னு பேரு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி தட்டையா இருக்கும். ஒரு முனையை டிவிக்குப் பின்னாடி, இடது ஓரத்துல இருக்கற ஓட்டைல சொருகு. திணிக்காதே, சரியான பக்கம் திருப்பினா தானா போகும். இன்னொரு முனையைப் பெட்டியோட முதுகுல அதே மாதிரி இருக்கற ஓட்டைல சொருகு. ரெண்டையும் ஆன் பண்ணு. ரிமோட்ல அம்புக்குறி போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும். அதை அமுக்கி, எச்.டி.எம்.ஐ. ஒண்ணுன்னு இருக்கறதுக்குப் போ.

மவுஸும் கீபோர்டும் பெட்டியோடயே இருக்கும், கழட்டாதே. பாஸ்வேர்டு நீ எங்க ரெண்டு பேரையும் திட்டறதுதான்: எருமைமாடு. வாலு வச்சது. இங்கிலீஷ் எழுத்தை அடுத்த தாள்ல பெரிசா வரைஞ்சிருக்கேன். ஒவ்வொண்ணாப் பாத்து அடி.

ஊர்ல எத்தனையோ வீட்டுல இதை மாட்டிக் கொடுத்திருக்கேன். நம்ம வீட்டுக்குத் தாள்ல எழுத வேண்டியதாப் போச்சு.

உன் பையன்

~

பிப்ரவரி 16

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். டிவியை மூடியிருந்த போர்வையை எடுத்தேன், தும்மல் அடங்க அரை நாள் ஆச்சு. சொருகினேன், அமுக்கினேன். டிவி நீலமாச்சு. நடுவுல 'சிக்னல் இல்லை'ன்னு ஒரு கட்டம். அது சும்மாவும் இருக்கலை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மிதந்துக்கிட்டே இருந்துச்சு. வேலைக்கு லீவு சொல்லிட்டு அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்படி உக்காந்திருக்கும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உன்னை முதல் தடவை பாக்க வந்தப்போ, அவ படத்தையெல்லாம் உடைச்சுட்டேன்டான்னு தலைல அடிச்சுக்கிட்டு அழுதேன். காவலுக்கு நின்ன பொம்பளை கூட எனக்குத் தண்ணி கொடுத்தா. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே. உடைஞ்சது வெறும் கண்ணாடிதான்னு உனக்குத் தெரியாதா? அதுதானேடா உன் தொழில்? ஏன் சொல்லலை?

பதில் எழுது. அதுக்கு முன்னாடி சிக்னலுக்கு வழி சொல்லு.

~

பிப்ரவரி 22

அம்மா,

பெட்டி முதுகுல அந்த மாதிரி ஓட்டை ரெண்டு இருக்கும். மேல இருக்கறது செத்தது, நீ அதுலதான் சொருகியிருப்பே. கீழே, தனியாப் படுக்கவச்ச மாதிரி இருக்கறதுல மாத்து. முதல்லயே எழுதியிருக்கணும். நானே தினமும் செஞ்ச வேலை, அதனால தோணலை.

அன்னிக்கு ஏன் சொல்லலைன்னு கேட்டே. எனக்குத் தெரியும்தான். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ, "என் புள்ளைன்னு சொல்லி அழக்கூட இனிமே எனக்கு யாரும் இல்லை"ன்னே. சரி, நீயும் ஒண்ணை உடைச்சவளாவே இருன்னு விட்டுட்டேன். இந்த வீட்டுல நான் ஒருத்தன் மட்டும் கெட்டவனா இருக்கறது தாங்கலை. துணை வேணும்போல இருந்துச்சு.

இங்க எனக்குத் துணி துவைக்கற வேலை கொடுத்திருக்காங்க. நீ தேய்க்கறே, நான் துவைக்கறேன். சிரிப்பு வரலையா உனக்கு?

~

பிப்ரவரி 28

எனக்குச் சிரிப்பு வரலை.

கீழ ஓட்டைல மாத்தினேன். வந்துடுச்சு. எருமைமாடுன்னு ஒத்தை விரலால அடிச்சேன். தப்புன்னுச்சு. திரும்ப அடிச்சேன். கதவு திறந்த மாதிரி உள்ளே விட்டுடுச்சு.

எவ்வளவு பெரிசா இருக்கா! போன்ல கட்டைவிரல் அளவுக்குத்தான் பாத்திருக்கேன். இதுல சுவரு உயரத்துக்கு நிக்கறா. தாடைல பரு வந்து, கிள்ளாதேடின்னு நான் கத்தினது, அந்தப் பரு கூடத் தெரியுது. டிவிகிட்டப் போய்த் தொட்டேன். சூடா இருந்துச்சு. டிவிக்குச் சூடு இருக்கும்னு எனக்குத் தெரியாது. கையை எடுக்கவே முடியலை.

ஆனா படத்தோட நாலு ஓரமும் வெட்டுப்படுது. நீங்க கூட்டாளிங்களோட சேந்து எடுத்த படத்துல அவ ஓரத்துல நிக்கறா, பாதி மூஞ்சிதான் தெரியுது. நடுவுல நீ முழுசா நிக்கறே, பல்லைக் காட்டிக்கிட்டு. எனக்கு வாய்ச்சது அப்படி.

அப்புறம் வீடியோ. நீ எடுத்ததுதான் எல்லாம். ஓடுது, ஆனா சத்தம் வரலை. டிவி சத்தத்தை முழுசா ஏத்திட்டேன், ஒண்ணும் இல்லை. அவ வாயைத் திறக்கறா, மூடறா. தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி. என்ன பேசறான்னு வாயைப் பாத்துக் கண்டுபிடிக்கப் பாத்தேன். பைத்தியம் பிடிச்சுடும்.

படத்துக்காக மட்டும் நான் உனக்கு எழுதலை. குரலுக்குத்தான் எழுதினேன். சத்தம் வர வழி சொல்லு.

~

மார்ச் 6

அம்மா,

ஓரம் வெட்டறதுக்கு ரிமோட்ல படத்தோட அளவை மாத்தற பட்டன் இருக்கு. 'திரைக்குப் பொருத்து'ன்னு வர்ற வரைக்கும் அமுக்கு. அது எச்.டி. டிவிம்மா. சரியா வச்சா அவ பல்லிடுக்கு கூடத் தெரியும்.

சத்தம் அவ்வளவு சுலபம் இல்லை. அந்த கேபிள்ல படம் மட்டும்தான் வருது. சத்தத்துக்குப் பெட்டியைக் கழட்டி உள்ளே மாத்தணும். எழுதினா உனக்குப் புரியாது. தப்பா கையை வச்சா படம் மொத்தமும் அழிஞ்சுடும். வேற யார்கிட்டயும் கொடுத்துடாதே. நான்தான் செய்யணும்.

இங்க ஒழுங்கா நடந்துக்கறவங்களை ஒரு நாள் வீட்டுக்கு விடறாங்க. வீட்டுல இருக்கறவங்க இங்க ஆபீஸுக்கு வந்து 'வரட்டும்'னு எழுதிக் கொடுக்கணும். ஏப்ரல்ல வாலு பிறந்தநாள் வருது. அன்னிக்கு விடச் சொல்லிக் கேக்கலாம். வந்து சரி பண்ணிக் கொடுக்கறேன். நீயும் நானும் சேந்து கேக்கலாம்.

நீ எழுதிக் கொடுப்பியா?

~

மார்ச் 13

ஒரு வாரமா யோசிச்சேன். லாண்ட்ரியில ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிட்டேன். சூப்பர்வைசர் அம்மா, "எந்த உலகத்துல இருக்கே?"ன்னாங்க. இதே உலகத்துலதான்னேன்.

எழுதிக் கொடுத்துட்டேன். வரட்டும்னு.

ஆனா நல்லாக் கேட்டுக்கோ. வர்றே, சத்தத்தைச் சரி பண்றே, போறே. அவ கட்டில்ல உக்காரக் கூடாது. அவ டம்ளரை எடுக்கக் கூடாது. சோறு போடுவேன், ஆனா கூட உக்காந்து சாப்பிட மாட்டேன். மாடிவீட்டுக்காரங்க கேட்டா டிவி ரிப்பேருக்கு ஆள் வந்திருக்குன்னு சொல்லுவேன். அதுக்கு மூஞ்சியைத் தூக்கிக்கக் கூடாது. சேந்து கேக்கறதெல்லாம் கிடையாது. சத்தம் வந்த உடனே நீ வெளியே போய் நிக்கணும். நான் தனியாக் கேக்கணும்.

இதுக்கெல்லாம் சம்மதம்னா வா.

~

மார்ச் 18

அம்மா,

சம்மதம். எல்லாத்துக்கும் சம்மதம். டம்ளர் வேண்டாம், கையில ஊத்து, குடிச்சுக்கறேன். டிவி ரிப்பேர்காரன்னே சொல்லு. அதுவும் பொய் இல்லையே. வெளியே வாசல்ல நிக்கறேன். கதவைச் சாத்திக்கோ. கதவு வழியாக் கேட்டா போதும்.

கூட இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். ஒருத்தர் தன்னோட நல்ல சட்டையைக் கொடுக்கறேன்னார். நானே துவைச்சு வச்சுட்டேன். உன்னை மாதிரி தேய்க்க வரலை.

உருண்டை

~

மார்ச் 22

டேய்.

நேத்து டிவில மத்த சேனல் எதுவும் வரலைன்னு கேபிள்காரர் வந்தார். அப்போ வாலு வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, சத்தமில்லாம. "என்னம்மா, ஊமைப்படமா பாக்கறீங்க?"ன்னார்.

"பெட்டியைக் கழட்டணுமாம். என் பையன் வந்து செய்வான்"னேன்.

அவர் மவுஸைப் பிடிச்சார். கீழ மூலைல சின்னதா ஒரு ஸ்பீக்கர் படம் இருந்துச்சு. அதும்மேல வச்சு அமுக்கினார், டிவின்னு இருந்ததைத் தொட்டார். டிங்குன்னுச்சு டிவி. அவ்வளவுதான். நான் டீ கலக்கப் போறேன்னு திரும்பறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.

"உள்ளே மாத்தணும், படமெல்லாம் அழிஞ்சுடும்னானே?"

"யாரு சொன்னது?"

"என் பையன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன்."

அவர் சிரிச்சார். "அப்போ உங்க பையனுக்கு உங்ககிட்ட ஏதோ காரியம் ஆகணும்மா."

அவருக்கு முன்னாடி எனக்கு மானம் போச்சு. அனுப்பி வச்சுட்டேன். இன்னும் போட்டுக் கேக்கலை. உன் மேல இருக்கற ஆத்திரத்தோட அவ குரலைக் கேக்கக் கூடாதுன்னு இருக்கேன்.

காலைல உங்க ஆபீஸுக்குப் போனேன். 'வரட்டும்'னு எழுதிக் கொடுத்ததை 'வேண்டாம்'னு மாத்திக் கொடுத்துட்டேன். அங்க இருந்த அம்மா, "ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்களேன்"னாங்க. "யோசிச்சு யோசிச்சு எடுக்க நான் என்ன செருப்பா வாங்க வந்திருக்கேன்?"னேன்.

செத்த பொண்ணோட குரலைத் தூண்டில்ல மாட்டி என்னைப் பிடிக்கப் பாத்தியே. துவைச்சு வச்ச சட்டையைக் கொடுத்தவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு.

~

மார்ச் 26

அம்மா,

சட்டையைக் கொடுத்துட்டேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உனக்குச் சந்தோஷமா?

ஆமா, பொய்தான் சொன்னேன். வேற எப்படி நீ என்னை வரச் சொல்லியிருப்பே? ஒரு வருஷத்துல நீ எழுதின முதல் கடுதாசி கேபிளுக்காக. நல்லா இருக்கியான்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தா நான் அந்த ஸ்பீக்கர் படத்தைப் பத்தி அன்னிக்கே எழுதியிருப்பேன்.

எனக்கும் அவ தங்கச்சிதான். இங்க அழ இடம் கிடையாது. அழுதா அடுத்த நாள் பேர் வைப்பாங்க. அன்னிக்கு வண்டில பின்னாடி அவ ஒண்ணுமே பேசாம வந்தா. எப்பவும் லொடலொடன்னு வர்றவ. ஏன் பேசலைன்னு நினைச்சுக்கிட்டே பாலத்துல திரும்பினேன். அதுக்கப்புறம் சுவருதான். அவ ஏன் பேசலைன்னு தினமும் யோசிக்கறேன். எனக்குத் தெரியலை.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நீயும்தானே அன்னிக்கு வாசல்ல நின்னே? "குடிச்சியாடா?"ன்னு கேட்டே. இல்லம்மான்னேன். சரின்னு உள்ளே போயிட்டே. ஒரு நிமிஷம் கிட்ட வந்து மோந்து பாத்திருந்தா அவ இன்னிக்கு இருப்பா. நீ தடுத்திருக்கலாம்ல?

இனிமே பொய் சொல்ல மாட்டேன். சத்தியமா. ஒரே ஒரு நாள். திரும்ப எழுதிக் கொடும்மா.

~

ஏப்ரல் 2

உன் கடுதாசி வந்து மேசை மேலயே கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, கதவைத் தாழ் போட்டுட்டு வீடியோவைப் போட்டேன். சத்தத்தோட.

எந்த வீடியோன்னு உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை. அவ பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பறீங்க. பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு என்னை மாதிரியே நடிச்சுக் காட்டறா. கையை இடுப்புல வச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "எருமைமாடுங்களா, உங்களைப் பெத்த நேரத்துக்கு நான் ரெண்டு ஆட்டை வளத்திருக்கலாம்." நான் மூக்கை உறிஞ்சறது எனக்கே தெரியாது. நீ சிரிக்கறே. போனை நீ பிடிச்சிருக்கறதால உன் சிரிப்பு கிட்டக்க, அவ குரல் எட்டக்க கேக்குது. வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. அவ குரல் நான் நினைச்சுக்கிட்டு இருந்ததை விடத் தடிமனா இருக்கு. ஒரு வருஷமா தப்பான குரலை நினைச்சு அழுதிருக்கேன்.

அப்புறம் சமையல்கட்டுல இருந்து என் குரல். "டேய், வண்டியை எடுக்கறியே, குடிச்சியா?"

நீ "இல்லம்மா"ங்கறே.

அவ உன்னைப் பாக்கறா. டிவில அவ கண்ணு என் உள்ளங்கை அளவு இருக்கு, எதுவும் தப்பலை. வாயைப் பொத்திக்கறா. தோள் குலுங்குது. நீ "ஷ்ஷ்"ங்கறே. அவ கையை எடுத்துட்டு, ரகசியமா, "அம்மா நம்பிட்டாடா"ங்கறா. அதோட முடிஞ்சுடுது.

அன்னிக்குப் போய் ரெண்டு பேரும் முழுசாத் திரும்பி வந்தீங்க. சினிமா நல்லா இல்லைன்னு சொன்னீங்க. தோசை கேட்டீங்க, மாவு இல்லைன்னு ரொட்டி கொடுத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.

தடுத்திருக்கலாம்லன்னு கேட்டியே. அதுக்காகவே உன் 'இல்லம்மா'வைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். காதை டிவியோட ஒட்ட வச்சுக் கேட்டேன். அதுல ஒரு நடுக்கம் இல்லை, தயக்கம் இல்லை. நல்ல புள்ள பேசற மாதிரியே இருக்கு. அந்தக் கடைசி நாள் வாசல்லயும் இதே 'இல்லம்மா'தான் சொன்னே. இப்போ சத்தியமாங்கறதும் அதே குரல்லதான் எனக்குக் கேக்குது. நான் உன்னை வரட்டும்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். இந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. தண்டனை முடிஞ்சு வெளியே வந்தாலும் இந்தத் தெருப்பக்கம் வராதே.

உன் குரலை மட்டும் அழிச்சுட்டு அவ குரலை வச்சுக்க முடியுமான்னு கேபிள்காரரைக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணாப் பின்னிக் கிடக்குதாம், பிரிக்க முடியாதாம். அவளைக் கேக்கணும்னா உன்னையும் கேட்டுத்தான் ஆகணும். கேக்கறேன். உனக்கு நான் கொடுக்கறது அவ்வளவுதான். இனிமே தினமும் வேலை முடிஞ்சு வந்து உன் பொய்யைக் கேட்டுட்டுத்தான் சோறு திங்கப் போறேன்.

இதுக்குப் பதில் எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன். கீழ எழுதறது உனக்கில்லை. அவளுக்கு எழுத எனக்கு விலாசம் இல்லை, அதனால இந்தத் தாள்லயே எழுதறேன்.

வாலு,

உன் குரல் கிடைச்சுடுச்சுடி. இத்தனை நாள் ஏங்கினதுக்கு, அம்மா நம்பிட்டான்னு சொல்ற குரல்தான் கிடைச்சுது. பரவாயில்லை, என்னைப் பாத்துத்தானே சிரிச்சே. சிரிச்சுக்கோ. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்தக் கடைசி நாள் வாசல்ல அவன் இல்லம்மான்னப்போ நான் அவன் மூஞ்சியைத்தான் பாத்தேன், உன் மூஞ்சியைப் பாக்கலை. வண்டில நீ ஒண்ணுமே பேசலையாம். அன்னிக்கும் தெரிஞ்சேதான் அவன் பின்னாடி ஏறினியாடி?